பதினெட்டாம் எண் வீட்டுச் சத்தம்

குழாயில் தட்டுச் சத்தம் வந்தபோது வேலுத்தாய் எந்தச் சத்தமும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். துணி மடித்தால் சத்தம் வருமா என்று யோசித்தாள். புருஷன் செல்லச்சாமியின் ஜீன்ஸை ஒருதரம் உதறியது உண்மை. உதறியது தட்டுவதற்கு முன்னாலா பின்னாலா? பின்னால்தான் என்று தோன்றியது, முன்னால் என்றும் தோன்றியது. சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டரை. செல்லச்சாமி ஆறு மணிக்கே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். சாம்பார் வைக்கவில்லை, மிக்ஸி போடவில்லை, வாஷிங் மெஷின் நேற்றே ஓடி முடித்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரம் முழுக்க ஜனவரிப் பனிமூட்டம், எதிர் அடுக்குமாடிக்கட்டிடம்கூடத் தெரியவில்லை. மறுபடி தட்டு. மூன்று. கொஞ்சம் விட்டு இன்னும் ஒன்று. குளியலறையில் தரையைத் துளைத்து வந்து கூரையைத் துளைத்துப் போகும் அந்த வெந்நீர்க் குழாய் எட்டு மாடிக்கும் ஒன்றுதான். எந்த மாடியில் தட்டினாலும் எல்லா வீட்டிலும் கேட்கும். சத்தம் போடாதே என்று திட்டத்தான் தட்டுவார்கள், யாரைத் திட்டுகிறார்கள் என்பது திட்டு வாங்குகிறவர்களுக்குத் தெரியும். வேலுத்தாய்க்குத் தெரியும். நான்காவது மாடி பென்கா. ஐந்தாவது மாடி நாங்கள். கையிலிருந்த ஜீன்ஸை மடிக்காமலே மெத்தைமேல் வைத்தாள், பூனைக்குட்டியைக் கீழே விடுவதுபோல.

வந்த புதிதில் ஒரு தப்பு நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி போட்டாள். ஊரில் ஆறு மணி என்றால் விடிந்து வெகுநேரம் ஆன மாதிரி. பென்கா நீல நிற அங்கியோடு மேலேறி வந்து கதவைத் தட்டினாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நூல் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், மகன் ஸ்பெயினில் லாரி ஓட்டுகிறான், எல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது அந்த முகம் மட்டும்தான். இரண்டே நாளில் கட்டிட நிர்வாகி திமோவ் கீழே வாசல் கதவில் ஒரு தாளை ஒட்டினார். இரண்டாவது மாடிக்காரர், ஓய்வுபெற்ற மின்வாரிய ஆள், யாருடைய பல்பு எரிகிறது யாருடைய பல்பு எரியவில்லை என்று இன்னமும் கணக்கெடுத்துக்கொண்டே படியேறுகிறவர். இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை, பகலில் இரண்டிலிருந்து நான்கு வரை சத்தம் கூடாது என்று எழுதி, அதன் கீழே 18 என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தார். பதினெட்டு அவர்கள் வீட்டு எண். வேலுத்தாய் அதைப் போனில் படமெடுத்து, மொழிபெயர்த்துப் படித்து, அன்றைக்குச் சாப்பிடவில்லை. கல்லூரியில் பெயரை அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். ஃபீஸ் கட்டாதவர்கள் பெயர். மூன்று வருஷமும் அந்தப் பலகையைத் தாண்டும்போது அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள், பெயர் இல்லாத மாதங்களிலும். அந்தத் தாளின் படத்தை யாரோ வீட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பினார்கள். அவர் வர்ணா என்கிற ஊரில் இருப்பவர், நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், இன்னொரு புகார் வந்தால் அடுத்த தடவை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று. அவர் கையெழுத்து இல்லாவிட்டால் முகவரி இல்லை, முகவரி இல்லாவிட்டால் விசா அட்டை இல்லை. அந்த அடுத்த தடவை இந்த வாரம் வந்திருக்கிறது. வியாழக்கிழமை கையெழுத்து. இன்று செவ்வாய்.

தட்டு. இரண்டு. கொஞ்சம் மெதுவாக. கோவில்பட்டியில் அவர்கள் இருந்த வளவில் ஏழு வீட்டுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்காரர் மனைவி மாடியிலிருந்து கம்பால் தட்டுவாள். தட்டினால் அம்மா பாதியில் வாளியை வைத்துவிடுவாள். தலைக்குச் சோப்புப் போட்டிருந்தாலும் சரி. "ஏட்டி, நிப்பாட்டு. அவுக தட்டுதாக." கண்ணில் சோப்போடு ஈரப் பாவாடையில் நின்றுகொண்டிருந்த அந்த நேரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது, அப்போது கடிகாரம் பார்க்கத் தெரியாது. எதற்காகத் தட்டுகிறார்கள் என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. தட்டினால் நிறுத்து. நிறுத்திய பிறகு என்ன தப்பு என்று உட்கார்ந்து யோசி. அம்மா தீப்பெட்டி ஆபீசில் நாளெல்லாம் அப்படி யோசித்துக்கொண்டே தீக்குச்சிக் கட்டை அடுக்கினாள். அப்படி அடுக்கித்தான் இவளைப் பி.எஸ்ஸி. கணக்கு படிக்க வைத்தாள். பட்டம் வாங்கிய பிறகும், கல்யாணம் ஆகி ஆறாயிரம் கிலோமீட்டர் தாண்டிய பிறகும், ஒரு தட்டுக் கேட்டால் கை தானாக நின்றுவிடுகிறது. நின்றுவிட்டதே. இதற்குமேல் எதை நிறுத்துவது? செருப்பைக் கழற்றினாள். மெட்டியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தாள். வைத்த பிறகு, மெட்டியைக் கழற்றலாமா, அவன் வேலையில் மிஷின் பக்கத்தில் நிற்கிறவன் ஆயிற்றே என்று ஒரு பயம் வந்தது. எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, காலைத் தரையில் படாமல் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். குளிர்சாதனப் பெட்டி உர்ரென்றது. இறங்கிப் போய் அதன் ப்ளக்கைப் பிடுங்கினாள். வீடு செத்ததுபோல் ஆனது. தட்டு. ஒன்று.

கடுப்பாக வந்தது. இன்னும் என்ன செய்யச் சொல்கிறாய், மூச்சை நிறுத்தவா என்று தமிழிலேயே கீழே பார்த்துக் கேட்டாள். வாய்க்குள்தான். ஆகஸ்டில் ஒருநாள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது, உள்ளே சுட்டுத் தோலுரித்த சிவப்பு மிளகாய் போட்ட கண்ணாடிப் போத்தல். இந்த ஊரில் எல்லா பால்கனியிலும் அந்த மாதத்தில் மிளகாய் சுடுவார்கள். யாரோ வீடு மாற்றித் தொங்கவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். திறந்தால் திருட்டாகிவிடும். போத்தலில் ஒட்டியிருந்த காகிதத்தில் பென்காவின் பெயர் இருந்தது. அதனால் அதைத் துடைத்து, கீழே கொண்டுபோய், அவள் கதவுக்கு முன்னால் நேராக வைத்துவிட்டு வந்தாள். நல்ல காரியம் செய்ததாகத்தான் இருந்தது. அப்புறம் படியில் எதிரே வந்தால் பென்கா சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். மூன்று மாதம் கழித்து மொழி வகுப்பில் ஒரு பாடத்தில் வந்தது, அண்டை வீட்டுக்காரர்கள் போத்தலில் தங்கள் பெயரும் வருஷமும் எழுதி அன்பளிப்பாகக் கொடுப்பார்கள் என்று. அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம். காதுக்கு வருகிற பல்கேரிய மொழி அவளுக்கு வாய்க்கு வராது. அந்த இரண்டு வாக்கியத்தை நவம்பர் முழுக்க மனசுக்குள் திருத்திக்கொண்டே இருந்தாள், டிசம்பரில் விட்டுவிட்டாள். தட்டுகிறவள் அந்தப் போத்தலுக்காகத்தான் தட்டுகிறாளோ? எதனால் தட்டுகிறாள்? எப்போதும் வருவது செருப்புக் குதியால் குழாயை அடிக்கிற சத்தம், மேலே, ஆள் நின்றுகொண்டு ஓங்கி அடிக்கிற உயரத்திலிருந்து, டக் டக்கென்று இரண்டு. இது மொத்தையாக இருக்கிறது. கீழேயிருந்து வருகிறது. தரையோடு தரையாக. அந்த நினைப்பு வந்ததும் வேலுத்தாய் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள், தெருவில் படுத்திருக்கும் நாயைச் சுற்றிப் போவதுபோல. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தட்டுகிறாளாக இருக்கும். வயசாகிவிட்டது, நிற்க முடியாது. ஸ்டூல்.

பத்து மணிக்குத்தான் செல்லச்சாமிக்கு டீ நேரம், அப்போதுதான் போனைக் கையில் எடுக்கலாம். பத்தடித்து ஒரு நிமிஷம் விட்டுக் கூப்பிட்டாள், போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு. "என்னங்க, கீழ்வீட்டம்மா தட்டுதாங்க." "மிக்ஸி போட்டியா?" "போடலை." "குக்கரு?" "நேத்துச் சோறுதான் கிடக்கு. எட்டரையில இருந்து தட்டுதாங்க. நான் கட்டில்ல காலைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்." அவன் சிரித்தான். "வௌவாலு மாதிரி தலைகீழாத் தொங்கிரு, அது ஒண்ணுதான் பாக்கி." அவளுக்கும் சிரிப்பு வந்தது, போர்வைக்குள் மூச்சு முட்டியது. "ஏங்க, அவங்களுக்கு மேலுக்கு முடியலையோ?" அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வேலு, சொல்லுததைக் கேளு. அந்தம்மாகிட்ட போன் இருக்கு. மகன் இருக்கான். நூத்துப் பன்னெண்டுக்கு அடிச்சா ஆம்புலன்ஸ் வரும், அவங்க ஊரு, அவங்க பாஷை. நீ போயி நின்னு, உள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா, கடைசியாப் போனது யாருன்னு முதல்ல உன்னயத்தான் கேப்பாங்க. வியாழக்கிழமை கையெழுத்து." "சரிங்க." "சரின்னா என்ன சரி?" "போகலை." "சூப்பர்வைசர் வாரான், வச்சிருதேன். எதுவும் சாப்பிடு." அவன் கெட்டவன் இல்லை. பஸ்ஸில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் ஓடிப்போய்த் தூக்குகிற ஆள், ஊரில். இங்கே அவனும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறான், மிஷின் முன்னால்.

பத்தரைக்குமேல் தட்டு நின்றது. பத்து நிமிஷம் நிற்கிறதா என்று பார்த்தாள், நின்றது. பதினைந்து நிமிஷம். உடம்பு முழுக்க ஒரு லேசு. எழுந்து குளிர்சாதனப் பெட்டியின் ப்ளக்கை மாட்டினாள், டீ போட்டாள், சர்க்கரையைக் கலக்காமல் டம்ளரை ஆட்டி ஆட்டிக் கரைத்தாள். முதல் மடக்கு நன்றாக இருந்தது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தபோதுதான் எதனால் நன்றாக இருக்கிறது என்பது தெரிந்தது. டீ வாயிலேயே நின்றது. ஒரு கிழவி தட்டுவதை நிறுத்திவிட்டாள், அதற்காக எனக்கு டீ இனிக்கிறது. அவள் ஏன் நிறுத்தினாள்? எழுந்துகொண்டாளா? எழுந்துகொண்டிருந்தால் நடமாட்டம் கேட்குமே. பென்கா நடந்தால் கேட்கும், வலது கால் கொஞ்சம் இழுக்கும். சமையலறைக் குழாய் திறந்தால் சுவருக்குள் சிணுங்கும். இரண்டு வருஷமாக அவளுக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதற்காகவே அவள் எப்போது எழுகிறாள், எப்போது படுக்கிறாள், எப்போது டிவி முன்னால் தூங்கிப்போகிறாள் எல்லாவற்றையும் வேலுத்தாய் கேட்டு வைத்திருக்கிறாள். பெற்ற மகனுக்குக்கூட இவ்வளவு தெரியாது. இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு அடி நடக்கவில்லை, ஒரு குழாய் திறக்கவில்லை. கணக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தாள். விடையைக் கண்டுபிடித்துவிட்டு எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. பதினொன்று. பதினொன்றே கால். நடுவில் ஒரு தட்டு வந்தது, அல்லது அவள் இதயம்.

பன்னிரண்டுக்கு முன்னால் எப்படியோ படியில் இருந்தாள். நான்காவது மாடிக் கதவில் காதை வைத்தாள். உள்ளே ரேடியோ பேசிக்கொண்டிருந்தது, மலைப்பக்கம் பனி விழும் என்று ஒரு ஆண் குரல். ரேடியோ போட்டுக்கொண்டிருப்பவளுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் ரேடியோவுக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாது, அது பாட்டுக்குப் பேசும். மணியை அழுத்தினாள், ஒருமுறை, சின்னதாக. யாரும் வரவில்லை. இரண்டு மாடி இறங்கித் திமோவ் வீட்டு வாசலில் நின்றாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கட்டினாள். மன்னிக்கவும், பென்கா அம்மையார் காலையிலிருந்து தட்டுகிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. தட்டுகிறார் என்பதற்குப் பதில் தட்டினார் என்று சொல்ல வேண்டுமோ? இன்னும் தட்டுகிறாளா? படிக்கட்டு விளக்கு ஒரு நிமிஷத்தில் தானாக அணையும். அணைந்தது. போட்டாள். உள்ளே கரண்டி தட்டில் படுகிற சத்தம், அவரைக்கொட்டை சூப்பின் மணம். சாப்பிடுகிறவரை எழுப்பக் கூடாது. எங்கே சொல்லிக் கொடுத்தார்கள் இதை? சாப்பிடட்டும், முடிக்கட்டும். விளக்கு அணைந்தது. போட்டாள். காலையிலிருந்து என்றால் இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்பாரே. கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பல்கேரிய மொழியில் எப்படிச் சொல்வது? விளக்கு அணைந்தது. கீழே வாசல் கதவு திறந்து யாரோ வருகிற சத்தம் கேட்டதும், திருடி மாதிரி மூன்று மாடியும் ஓடி ஏறி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குளியலறையில் தட்டு வந்தது. ஒன்று. நகத்தால் தட்டினதுபோல அவ்வளவு சின்னது.

வேலுத்தாய் சமையலறைக்குப் போய் இஞ்சி தட்டுகிற இரும்பு உலக்கையை எடுத்துவந்து குழாயை அடித்தாள். யோசித்துச் செய்யவில்லை. வாயால் கூப்பிடத் தெரியவில்லை, இந்தக் கட்டிடத்தில் எதற்கு ஆள் வரும் என்று தெரியும். ஓங்கி அடித்தாள். பெயிண்ட் சில்லுச் சில்லாகத் தெறித்தது. இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்த கை, எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏழாவது மாடியிலிருந்து பதில் வந்தது, டக் டக், நிறுத்து. மூன்றாவது மாடி. எட்டாவது. எல்லாத் திசையிலிருந்தும் குழாய் அவளைத் திட்டியது, அவள் நிறுத்தவில்லை. கீழே ஒரு வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. கதவு இடிபட்டது. திறந்தாள். திமோவ், செருப்பும் சூப்பு படிந்த மீசையுமாக, இடது கையில் இன்னும் கைத்துண்டு. "பைத்தியமா உனக்கு? இது என்ன மாட்டுக்கொட்டிலா? இன்றைக்கே வர்ணாவுக்குப் போன் பண்ணுகிறேன்!" அவளுக்கு எல்லாம் புரிந்தது. வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "பென்கா." உலக்கையால் தரையைக் காட்டினாள். முட்டி போட்டு உட்கார்ந்து, குழாயின் அடியில் மெதுவாகத் தட்டிக் காட்டினாள், மூன்று, விட்டு, ஒன்று. திமோவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு முகம் ஆனது. "எனக்கும் கேட்டது" என்றார். "காலையில். எல்லோருக்கும் கேட்டது. உங்களைத்தான் தட்டுகிறாள் என்று நினைத்தோம்."

சாவி அவரிடம் இருந்தது, மகன் கொடுத்து வைத்தது. பென்கா குளியலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள், அதே நீல அங்கி. முகத்தின் ஒரு பாதி இறங்கியிருந்தது. வலது கையில் மரப்பிடி போட்ட முதுகு தேய்க்கும் பிரஷ். ஒரு கண் திறந்திருந்தது, அது திமோவைப் பார்க்கவில்லை, வேலுத்தாயைப் பார்த்தது. கோபமா என்று தேடினாள், கோபமாக இருந்தால் நன்றாக இருக்கும். தரை பனிக்கட்டியாகச் சில்லிட்டது. போர்வை எடுத்துவந்து போர்த்தி, அவள் கையிலிருந்து பிரஷை வாங்கப் பார்த்தாள், விரல்கள் விடவில்லை. திமோவ் போனில் கத்தினார். ஆம்புலன்ஸ் வரும்போது ஒரு மணி ஆகிவிட்டது. டாக்டர் ஒரு பெண், வேலுத்தாய் வயசுதான் இருக்கும், வந்த வேகத்தில் முட்டி போட்டுக் கண்ணில் டார்ச் அடித்தாள். "எப்போதிலிருந்து?" என்று நிமிராமலே கேட்டாள். திமோவ் தரையைப் பார்த்தார். "அரை மணி இருக்கும். இப்போதுதான் கேட்டது, உடனே வந்தோம்." டாக்டர் குதித்து எழுந்தாள். அரை மணியா, பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடலாம், தூக்குங்கள் தூக்குங்கள் என்று கூட வந்த இரண்டு ஆண்களை விரட்டினாள், ஒரு கையால் போனில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். அரை மணி. நல்ல சொல். அதில் திமோவுக்கு இடம் இருந்தது, ஏழாவது மாடிக்கு இருந்தது, எட்டாவது மாடிக்கு இருந்தது, வேலுத்தாய்க்கும் இருந்தது, வியாழக்கிழமையும் அதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் எந்த ஊசியோ, எந்த மருந்தோ, அது அந்த நேரத்தை நம்பித்தானே போடுவார்கள்? "இல்லை" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. திமோவ் அவளைப் பார்த்தார். "எட்டரை" என்றாள். டாக்டர் திரும்பினாள். "எட்டரை? காலையிலா?" "காலையில். முதல் தட்டு. நான் கேட்டேன்." வாக்கியம் தப்பில்லாமல் வந்தது. டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்று பத்து. போனில் இரண்டு வார்த்தை பேசி அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டாள். பையைத் திறந்து, வெளியே எடுத்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, பென்காவைத் துணித் தூளியில் வைத்துப் படி வழியாகத்தான் இறக்கினார்கள். இரண்டு படி இரண்டு படியாகத் தாண்டி ஓடிவந்த அந்த ஆண்கள் இருவரும் இப்போது ஒவ்வொரு படியாக இறங்கினார்கள், திருப்பத்தில் நின்று, சுவர் இடிக்காமல், மெதுவாக, மெதுவாக என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு.